உருமாறாமல் ஒரு கேள்வி

(தேனி மாவட்டம் சிலமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமய நம்பிக்கையும் ஐயமும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்வார்கள். எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்பது ஒன்று. எல்லாமே ஏமாற்று என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது. எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று காதுகொடுக்க வேண்டிய தேவையே அங்கே இல்லாமல் போகிறது. சைவர் சொல்வதும் சமணர் சொல்வதும் ஒன்றல்ல. உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒரே பேச்சாக முடியாது. வேறுபாடு மெய்யானது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் திறந்த மனம் என்ற ஒன்று நமக்குத் தேவைப்படுகிறது.

இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டாம். இங்கிருந்து தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போய்ப் பாருங்கள். ஊரை ஒட்டிய பாறை ஒன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. தலைக்குமேல் பாம்பு படம் விரித்து நிற்கும் பார்சுவநாதரைப் பள்ளிப் பிள்ளைகளும் அடையாளம் கண்டுகொள்ளலாம். உடன் வட்டெழுத்துப் பொறிப்புகள் உண்டு. அவற்றில் வரும் பெயர்களில் ஒன்று அச்சணந்தி. ஆனைமலை, அழகர்மலை என்று மதுரை வட்டாரக் குன்றுகள் பலவற்றிலும் அந்தச் சமணத் துறவியின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து அது. இன்றைக்கு அந்த இடம் மக்களுக்குக் கருப்பண்ணசாமி பாறை.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரைச் சமணம் ஏற்பதில்லை. வேள்வியை ஏற்பதில்லை. உயிர்க்கொலையைப் பாவங்களில் தலையாயதாக வைக்கிறது. கருப்பண்ணசாமியோ காவல் தெய்வம். நம் பக்கத்தில் கருப்பனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பது தலைமுறை வழக்கம். இந்த இரண்டும் ஒரே பாறையில் இருப்பதைக் காட்டி, பாருங்கள் நம் மக்களின் நல்லிணக்கத்தை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சமணத் துறவியும் கருப்பன் கோயில் பூசாரியும் அந்தப் பாறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதற்குச் சான்று ஏதும் நமக்கு வரவில்லை. சமணர் இந்த வட்டாரத்தை விட்டு மறைந்தார்கள். இடம் வேறு சாமிக்கு வந்தது. மதுரையில் சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய கதை நம் பக்தி இலக்கியத்திலும் கோயில் ஓவியங்களிலும் இருக்கிறது. அது நடந்ததா, பின்னால் புனையப்பட்டதா என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மாற்றுக் கருத்துடையவரின் சாவை வெற்றியாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த ஒரு மனம் நம்மிடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்த மனமும் நம் மரபுதான். அதோடு சேர்த்துத்தான் நம் பெருமைகளையும் பேச வேண்டும்.

பெருமையும் உண்டு. மிகப் பெரிய பெருமை.

தெற்கே கூடலூருக்கு மேல், கேரள எல்லையில் மங்கலதேவி மலைமேல் கண்ணகி கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சித்திரைப் பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கிறார்கள். உங்களில் பலர் பளியன்குடி வழியாக நடந்து ஏறியிருப்பீர்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுதான் என்று நம் மாவட்டத்தில் உறுதியாக நம்புகிறவர்கள் உண்டு. அறிஞர்களிடையே வேறு கருத்துகளும் உண்டு. நான் சொல்ல வருவது கோயில் எந்த ஊரில் என்பதைப் பற்றியல்ல. சாத்தனார் தம் மணிமேகலையில் வஞ்சி நகரத்துக் கண்ணகி கோட்டத்தில் வைத்து ஒரு காட்சியைச் சொல்கிறார். தமிழில் ஐயத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதற்கு இணையாக ஒன்றை நான் கண்டதில்லை.

மாதவியின் மகள் மணிமேகலை கண்ணகியின் படிமத்தின் முன் போய் நின்று அழுகிறாள். கண்ணகி பேசுகிறாள். பேசுவது தெய்வம், ஊரே கும்பிடுகிற தெய்வம். அந்தத் தெய்வம் என்ன சொல்கிறது? சினத்தில் மதுரையை எரித்தேன், அந்த வினையின் பயன் என்னை விடாது, மறுபடி பிறந்து அதை அனுபவித்தே தீர வேண்டும் என்கிறது. வணங்க வந்தவளிடம், நானும் வினைக்கு உட்பட்டவள்தான் என்று ஒரு தெய்வமே சொல்லும் இடம் இது. எழுதியவர் பௌத்தச் சார்புடையவர் என்பதால் அப்படி எழுதினார் என்று ஒதுக்கிவிட்டால், அதைச் சொல்ல அவருக்கு இருந்த துணிவை நாம் காணாமல் போய்விடுவோம்.

அடுத்து கண்ணகி ஒரு யோசனை சொல்கிறாள். இந்த நகரத்தில் பல சமயத்து ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போய் அவர்களிடம் கேள் என்கிறாள். ஆனால் நீ இளம்பெண், வளையல் அணிந்தவள். உனக்கு யாரும் உள்ளபடி சொல்லமாட்டார்கள். அதனால் வேறு உருவம் எடுத்துக்கொண்டு போ என்கிறாள். மணிமேகலையும் தவசி வடிவெடுத்துப் போகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேரிடம் கேட்கிறாள்.

இந்த உருமாற்றத்தை நான் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அறிவில் குறை இருந்து அவள் உருமாறவில்லை. அவளிடம் மந்திரம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, பசித்த ஊருக்குச் சோறிடும் அமுதசுரபி இருக்கிறது. இத்தனை இருந்தும், கேள்வி கேட்பதற்கு அவள் அவளாக இருக்கக்கூடாது. சமயத்தைப் பற்றிய விவாதம் என்றால் கடவுள் உண்டா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி என்று நினைக்கிறோம். அதற்கும் முந்திய கேள்வி ஒன்றைச் சாத்தனார் வைக்கிறார்: யார் கேட்கலாம்? நம் வீடுகளில் அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. மாதவிலக்கு நாளில் சாமி அறைப் பக்கம் ஏன் போகக்கூடாது என்று பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டால், அவளுடைய அப்பத்தா என்ன சொல்கிறார்? அதெல்லாம் கேக்கக்கூடாது தாயி என்கிறார். அந்த அப்பத்தாவும் ஒரு காலத்தில் அதையே கேட்டு, அதே விடையை வாங்கியிருப்பார். பகுத்தறிவாளர் வீட்டிலும் இது நடக்கிறது. மகள் ஒருத்தி வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்க ஆசைப்படுகிறாள். ஏன் அப்படி ஓர் ஆசை வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா எரிந்து விழுகிறார். அவளும் வேறு உருவம் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவிழாவுக்குப் போகிறாள்.

மணிமேகலை கேட்ட பத்துப் பேரில் கடைசியாக வரும் பூதவாதி முழு மறுப்பாளர். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் கள்ளில் வெறி பிறப்பதுபோல், பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்கிறார். கண்ணால் கண்டதே மெய். இந்தப் பிறப்பில் பெறும் இன்பதுன்பங்களோடு எல்லாம் முடிந்தது. மறுபிறப்பு என்பது வெறும் பேச்சு. மணிமேகலை அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். கண்டதைத்தான் நம்புவேன் என்றால் உன் தாய் தந்தை இன்னார் என்பதை எப்படி அறிந்தாய், அதுவும் அனுமானம்தானே என்று மடக்குகிறாள். கூர்மையான கேள்விதான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாக இல்லை. அவளே வேறு உருவத்தில் ஒளிந்து வந்து கேட்டவள். மறுப்பவரின் நிலை என்னவென்று அவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சாத்தனார் நடுநிலையாளர் அல்லர். பௌத்தமே வெல்லும் என்று முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் இந்தக் காதையை எழுதுகிறார். ஆனாலும் பூதவாதியின் வாதத்தை அவர் சிதைக்கவில்லை. கள்ளின் உவமையோடு, அதன் முழு வலுவோடு நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் ஒரு பொருள்முதல்வாதி அதைப் படித்து, ஆமாம், நான் சொல்வது இதுதான் என்று சொல்ல முடியும்.

நான் சொல்ல வந்த அளவுகோல் இதுதான். திறந்த மனம் என்பது எந்தப் பக்கமும் சாராமல் நடுவில் நிற்பதல்ல. சாத்தனாருக்குப் பக்கம் உண்டு. எதிராளியின் கருத்தை எடுத்துச் சொன்னால், எதிராளியே கேட்டுத் தலையசைக்கும்படி சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. போடியில் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் அள்ளி, நிறம் பார்த்து, உரித்து முகர்ந்து பார்க்காமல் விலை சொல்வார்களா? அடுத்தவர் நம்பிக்கைக்கு மட்டும் மூட்டையைப் பிரிக்காமலே விலை சொல்லிவிடுகிறோம்.

எதிராளியை உள்ளபடி எடுத்துச் சொன்னதால் விளைந்த நன்மைக்கு இன்னொரு சான்றும் நம்மிடம் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி பௌத்த நூல். அது நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அதை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. அந்நூலில் குண்டலகேசி வாதம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அழிந்துபோன அந்தப் பௌத்தக் காப்பியம் என்ன வாதிட்டது என்பதை இன்று நாம் அறிவதற்கு, அதை மறுத்த நூலும் அதன் உரையும் பெருந்துணையாக இருக்கின்றன. நீலகேசி கடுமையான வாத நூல். எதிராளியைப் பல இடங்களில் சாடுகிறது. ஆனால் சாடுவதற்கு முன் அவர் என்ன சொன்னார் என்பதைப் பதிவு செய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருகிறேன். உ.வே.சாமிநாதையர் சைவ மடத்தில் பயின்றவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய பதிப்பு வாழ்க்கை தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்த செய்தி. சிந்தாமணி சமணக் காப்பியம். சோழ மன்னன் அதில் ஈடுபட்டுக் கிடந்ததால், அவனைத் திருப்புவதற்காகவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபில் ஒரு வரலாறே உண்டு. அப்படிப்பட்ட நூலை ஒரு சைவர் கையிலெடுக்கிறார். உரையில் வரும் சமணச் செய்திகள் புரியவில்லை. தாமாக ஊகித்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவர்களோ சிந்தாமணியை ஏட்டில் மறந்துபோன காவியமாகக் கருதவில்லை; ஓதிப் பூசிக்கிற நூலாக வைத்திருந்தார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஐயர் நெற்றியில் திருநீறு கடைசிவரை இருந்தது. அவர் சமணர் ஆகவில்லை. ஆனால் சமணரைச் சமணர் வாயால் அறிந்துகொண்டார். 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தத்தையும் அதேபோல் தேடிப் படித்தார்.

நம்பிக்கைக்குள் இருந்துகொண்டே தம் நிலையை மாற்றிக்கொள்வதும் உண்டு. அது இன்னும் கடினம். வடலூர் வள்ளலார் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் அன்பர்களிடம் பேசும்போது, சைவ சமயத்தில் தமக்கு முன்பு அளவிட முடியாத பற்று இருந்தது என்றும், அந்தப் பற்றைத் தாம் விட்டுவிட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். ஊர் ஊராகச் சிவனைப் பாடியவர் அவர். ஆயிரக்கணக்கான பாடல்களுக்குப் பிறகு, தம்மைப் பின்பற்றியவர்கள் முன்னிலையில், நான் அங்கே நிற்கவில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! அன்பர்களில் எத்தனை பேர் கலங்கியிருப்பார்கள்!

ஐயத்தின் பக்கமும் இதே நேர்மையைக் காட்டியவர்கள் உண்டு. பகத்சிங் லாகூர்ச் சிறையில் 1930-இல் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' என்ற கட்டுரையைப் படித்துப் பாருங்கள். கடவுளை மறுப்பது உன் ஆணவத்தால்தான் என்று உடனிருந்தவர் சொன்ன குற்றச்சாட்டுதான் அதன் தொடக்கம். பகத்சிங் அதைத் தூக்கி எறியவில்லை. அப்படியும் இருக்குமோ என்று தம்மையே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறார். தூக்குக்கயிறு நெருங்கும் வேளையில் பிரார்த்தனை ஆறுதல் தரும் என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் மறுத்தார். அந்தக் கட்டுரையை ஜீவா தமிழில் தந்தார். குடியரசுப் பதிப்பகம் வெளியிட்டது. அதற்காக 1935-இல் ஜீவாவும் வெளியீட்டாளரான ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள். ஐயம் எழுதியதற்காக ஒருவர் சிறை போகும் நாட்டில், நம்பிக்கைக்கு மட்டுந்தான் பாதுகாப்பு வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அதே ஜீவாதான் பின்னாளில் கம்பனின் கவிதையில் திளைத்து மேடை மேடையாகப் பேசினார். பொதுவுடைமைக் கட்சியில் கடைசிவரை இருந்தார். இரண்டு ஜீவாக்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒருவர்தான் தெரிகிறார்.

1943-ஐ மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் சொன்ன நேரம். அண்ணா ஒரு பக்கம். தமிழறிஞர்கள் ஒரு பக்கம். பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். சென்னைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்து அறநிலையத் துறை ஆணையரான சி.எம்.இராமச்சந்திரஞ் செட்டியார். நூலைக் கொளுத்த வேண்டும் என்ற கோரிக்கை எனக்கு அன்றும் இன்றும் ஏற்புடையதல்ல. நூலை எரிப்பது எதிராளியின் வாயை அடைப்பதுதான். ஆனால் அந்தக் கோரிக்கையையும் மேடைபோட்டுக் கேட்டு, விடை சொன்னது நம் ஊர். இன்று அப்படி ஒரு கூட்டத்துக்கு மண்டபம் கிடைக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

குன்றக்குடி அடிகளார் பெரியாரின் பரப்புரைக்கு எதிராகவே 1950-களின் தொடக்கத்தில் அருள்நெறித் திருக்கூட்டத்தை அமைத்தவர். பின்னர் இருவரும் நண்பரானார்கள். அடிகளார் கடவுளை விடவில்லை, பெரியார் கடவுளை ஏற்கவில்லை. சாதி ஒழிய வேண்டும் என்பதிலும் தமிழ் கோயிலுக்குள் ஒலிக்க வேண்டும் என்பதிலும் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்ற பெயரில் எது வந்தாலும் திறந்த மனத்தோடு ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர் அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோது, எதிர்த்தவர்களும் நம்பிக்கையைத்தான் காரணம் காட்டினார்கள். உள்ளே போனவர்களும் நம்பிக்கையோடுதான் போனார்கள். கடவுள் உண்டா என்பதில் என் மனம் திறந்திருக்கலாம். ஒரு மனிதன் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டுமா என்பதில் திறந்திருக்க ஒன்றுமில்லை.

உங்கள் பக்கத்து ஊர் விவகாரத்தையும் தொட்டாக வேண்டும். பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் வந்தன, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த ஆண்டுகளில் இரு பக்கப் பேச்சும் எனக்கு வருத்தம் தந்தது. மலையைச் சாமியாகப் பார்ப்பவர்களை அறியாதவர்கள் என்றார்கள். அவர்கள் கேட்டது சாமியைப் பற்றி மட்டுமல்ல. தண்ணீரைப் பற்றி, மேய்ச்சல் நிலத்தைப் பற்றி, பாறை வெடிப்பைப் பற்றி. மறுபக்கம், ஆய்வாளர்களை நாசகாரர்கள் என்றார்கள். அவர்கள் தேடியது என்ன என்பதைக் கேட்டறிந்தவர்கள் குறைவு. கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1930-இல் வோல்ஃப்காங் பாலி முன்மொழிந்தார். அந்த நியூட்ரினோ 1956-இல்தான் சோதனையில் பிடிபட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அறிவியலாளர்கள் அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஆனால் பிடிபடாவிட்டால் கைவிடத் தயாராகவும் இருந்தார்கள். சமய நம்பிக்கையும் இதுவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். கடவுளைச் சோதனைச்சாலையில் வைத்து முடிவுசெய்ய முடியாது. பக்தர் அப்படி ஒரு முடிவுக்காகக் காத்திருப்பதும் இல்லை. ஆனாலும் நம்புவதும் ஐயுறுவதும் ஒரே மனிதருக்குள் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு அந்த 26 ஆண்டுகள் சான்று.

லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15-இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளருக்குத் தேங்காய் உடைக்கும் உழவரைப் பார்த்து, இது பகுத்தறிவா என்று கேட்பவர், முதலில் அந்த உழவரின் வயலில் பாயும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கட்டும். அதன்பிறகும் அவருக்கு மறுப்பு இருந்தால் சொல்லட்டும், நானும் கேட்பேன்.

இந்த அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வருகிற ஆண்டு ஒருவரை அழைத்துப் பேசவைக்க வேண்டாம். கோயில் பூசாரி ஒருவர், பங்குத்தந்தை ஒருவர், பள்ளிவாசல் இமாம் ஒருவர், பகுத்தறிவாளர் ஒருவர் என்று நால்வரை அழையுங்கள். ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரின் கருத்தைச் சொல்ல வேண்டும். சொன்னது சரிதான் என்று பக்கத்தில் இருப்பவர் ஒப்புக்கொண்ட பிறகே தம் மறுப்பைத் தொடங்க வேண்டும். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியை முதலில் இந்த ஊர்ப் பள்ளி மாணவியர் கையில் கொடுங்கள். பெயரும் வகுப்பும் சொல்லி, அவர்களாகவே நின்று கேட்கட்டும். அவர்களுடைய அப்பத்தாக்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களிடமும் கேட்கப்படாத கேள்விகள் நிறைய இருக்கின்றன.